அந்த மாதிரி வீடியோ, அந்த மாதிரி இடம்: அடுத்தவர் சம்மதத்தை மிதிக்காமல் நடந்துகொள்வது எப்படி

தர்மபுரியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். யார் போனில் என்ன இருக்கிறது என்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஓரளவு தெரியும், ஆசைப்பட்டுத் தெரிந்துகொண்டதல்ல. டிஸ்ப்ளே மாற்றிவிட்டு டச் எல்லா மூலையிலும் வேலை செய்கிறதா என்று தேய்த்துப் பார்க்கும்போது கேலரி திறந்துகொள்ளும், நெட் வந்ததும் வாட்ஸ்அப்பில் சேர்ந்து கிடந்ததெல்லாம் வரிசையாக வந்து விழும். காதலி அனுப்பிய படம், யாரோ ஒருத்தியின் லாட்ஜ் வீடியோ, "அட்வான்ஸ் போட்டுட்டு லொக்கேஷன் கேளுங்க" என்று ஒரு நம்பர். எல்லாம் ஒரே போனில், அம்மா அனுப்பிய சாமி படத்துக்குப் பக்கத்தில்.

பார்ப்பது பாவமா, போவது தப்பா என்று கேட்டு வராதீர்கள். அதை அவரவர் சாமியிடமோ மனசாட்சியிடமோ வைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். ஒருத்தி ஒன்றுக்குச் சரி என்று சொன்னால் அது அந்த ஒன்றுக்கு மட்டும். பேசச் சரி என்றவள் கூட வரச் சரி என்று சொல்லவில்லை, படம் எடுக்கச் சரி என்றவள் அதை வைத்துக்கொள்ளவோ அனுப்பவோ சரி என்று சொல்லவில்லை, காசு வாங்கிக்கொண்டவளுக்கும் இதே கணக்குதான். இது பதினெட்டு வயது தாண்டிய ஆண்களுக்காக எழுதியது. பெண்களுக்கும் உதவும் இடம் நடுவில் வரும்.

குரூப்பில் வந்து விழுந்தால்

ஸ்கூல் பேட்ச் குரூப், கபடி டீம் குரூப், ஊர்த் திருவிழா வசூல் குரூப், எதிலாவது ஒரு நாள் வரும். "நம்ம பாலக்கோடு பொண்ணாம்டா" என்று கீழே ஒரு வரியும் இருக்கும். அந்த வரியைப் பார்த்ததும் விரல் தானாக வீடியோவுக்குப் போகும். அங்கேதான் நிற்க வேண்டும்.

முதல் வேலை, வாட்ஸ்அப் செட்டிங்கில் போய் மீடியா ஆட்டோ டவுன்லோடை அணைத்துவிடுங்கள். இதை இன்றைக்கே செய்யலாம், எதுவும் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அணைக்காமல் விட்டால் நீங்கள் திறந்தே பார்க்காத வீடியோகூட உங்கள் போனில் உட்கார்ந்திருக்கும், நாளைக்கு யாராவது கேட்டால் "நான் பார்க்கவே இல்லை" என்பதை நிரூபிக்க முடியாது. அப்புறம், "யாருடா இது, எந்த ஊரு" என்று குரூப்பில் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியில்தான் ஒரு பெண்ணின் பெயர், தெரு, அப்பன் பெயர் எல்லாம் வரிசையாக வெளியே வருகிறது. போட்டவனைத் தனியாகக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள், அட்மினிடம் சொல்லுங்கள், கேட்கவில்லை என்றால் குரூப்பை விட்டு வெளியே வாருங்கள். கபடி டீமில் இடம் போய்விடும் என்று பயந்து உள்ளேயே இருப்பவர்கள் உண்டு. அந்த டீம் உங்களுக்கு எதற்கு?

"நான் எடுக்கல, வந்ததைத்தான் அனுப்பினேன்" என்பது எல்லாரும் சொல்வது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவு எடுத்தவனை மட்டும் பேசவில்லை, வெளியிடுபவனையும் அனுப்புபவனையும் சேர்த்தே பேசுகிறது. முதல் தடவைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம்.

வீடியோவில் இருப்பது பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை என்று சந்தேகம் வந்தால்கூட விஷயம் முற்றிலும் வேறு. 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், வெறுமனே இறக்கிப் பார்த்தது குற்றமாகாது என்று சொல்லி வழக்கை ரத்து செய்தது. நம் பக்கம் பல பேர் அந்தச் செய்தியோடு நின்றுவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டது. போனில் வைத்துக்கொண்டு, அழிக்காமலும் புகார் செய்யாமலும் இருந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவு பாயும். செய்ய வேண்டியது இதுதான்: யாருக்கும் காட்ட வேண்டாம், ஸ்க்ரீன்ஷாட்டும் எடுக்க வேண்டாம், அனுப்பிய நம்பர், குரூப் பெயர், நேரம் மூன்றையும் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், அல்லது தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் பதியுங்கள். பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரை அங்கே உங்கள் பெயரைச் சொல்லாமலும் போடலாம்.

தனியாகப் பார்க்கிறவர்களுக்கு

வயது வந்தவர் தன் அறையில் தனியாக வயது வந்தவர்களின் படம் பார்ப்பது இந்தியாவில் குற்றமில்லை. 2015 ஆகஸ்டில் 857 தளங்களை முடக்கியபோது நாடே பேசியது, அடுத்த சில நாளிலேயே அரசு இறங்கி வந்தது, 2018இல் மறுபடி 827 தளங்களை முடக்கச் சொன்னார்கள். முடக்குவதும் திறப்பதும் அவர்கள் பாடு. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: திரையில் இருக்கிற ஆளுக்கு, நீங்கள் இதைப் பார்ப்பது தெரியுமா?

பாதி நேரம் தலைப்பே சொல்லிவிடும். "ஹிட்டன் கேமரா", "லீக்", "காலேஜ் பொண்ணு", "லாட்ஜில் மாட்டியது" என்று போட்டிருந்தால் சம்மதம் இல்லை என்பதைத்தான் விளம்பரமாகவே எழுதி வைத்திருக்கிறான். அதில் சில நடிப்பாகவும் இருக்கலாம், ஆனால் எது நடிப்பு எது நிஜம் என்று உங்களால் பிரிக்க முடியாது. அதனால் அந்த வகையையே தொடாமல் விடுவது ஒன்றுதான் வழி. 2025 நவம்பரில் ஓசூர் பக்கம் ஒரு பெண் தொழிலாளர் விடுதியின் குளியலறையில் ரகசிய கேமரா இருந்தது தெரியவந்து, பெண்கள் திரண்டு போராடினார்களே, நினைவிருக்கிறதா? அங்கே தங்கி வேலை செய்கிறவர்களில் நம் பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பெண்களும் இருக்கலாம், உங்கள் சித்தி மகளும் இருக்கலாம். அப்படிப்பட்ட வீடியோவை யாராவது தேடுகிறான் என்பதால்தான் ஒருவன் கேமரா வைக்கிறான்.

கையெழுத்துப் போட்டு, காசு வாங்கிக்கொண்டு நடித்தால் சம்மதம் உறுதிதானே என்று கேட்கலாம். எப்போதும் இல்லை. அமெரிக்காவில் சான் டியாகோவில் ஒரு கம்பெனி, மாடலிங் வேலை என்று விளம்பரம் கொடுத்து இளம்பெண்களை வரவழைத்து, வீடியோ வெளிநாட்டில் டிவிடியாக மட்டும் போகும், நெட்டில் வராது என்று சத்தியம் செய்து கையெழுத்து வாங்கிவிட்டு நேராக நெட்டில் போட்டது. 22 பெண்கள் வழக்குப் போட்டு 2020 ஜனவரியில் ஏறத்தாழ 1.3 கோடி டாலர் இழப்பீடு வாங்கினார்கள், நடத்தியவனுக்கு 2025இல் 27 ஆண்டு சிறை. அந்த வீடியோக்களில் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். பார்த்தவனுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. அதே 2020 டிசம்பரில், பெரிய இலவசத் தளமான போர்ன்ஹப், கார்டு கம்பெனிகளான விசாவும் மாஸ்டர்கார்டும் கையை விரித்த பிறகு, யார் ஏற்றியது என்று சரிபார்க்கப்படாத வீடியோக்களை மொத்தமாக இறக்கியது. லட்சக்கணக்கில் போய்விட்டன. அதுவரை யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்.

அதனால் பார்ப்பதென்றால், நடிப்பவர் தன் பெயரில் தானே நடத்தும், அடையாளம் சரிபார்த்த பக்கத்தில் பார்ப்பது இலவசக் குப்பையைக் கிளறுவதைவிட எவ்வளவோ மேல். அதுவும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் இல்லை. டெலிகிராமில் "தமிழ் கலெக்ஷன்" என்று ஒருவன் விற்பதை வாங்குவது எந்த விதத்திலும் சேராது, அதில் இருப்பவர்களுக்குப் பத்துப் பைசா போகாது.

இன்னொன்று, இப்போது புதிதாக வந்திருப்பது. தெரிந்த பெண்ணின் ஸ்டேட்டஸ் படத்தை எடுத்து ஏஐ ஆப்பில் போட்டுத் துணியில்லாமல் ஆக்கிப் பார்ப்பது. "யாருக்கும் அனுப்பலையே, என் போன்லதான் இருக்கு" என்பான். அந்தப் பெண் கோயிலுக்குப் போகும்போது எடுத்த படம் அது, அவள் சரி என்றது அதைப் பார்க்க மட்டும். உங்கள் போனும் ஒரு நாள் என் கடை மாதிரி ஒரு கடைக்கு வரும். மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேருக்குள் எடுக்கும்போது

எடுக்காமல் இருந்தால் பாதி தலைவலி இல்லை. சொன்னால் கேட்க மாட்டீர்கள், அதனால் எடுப்பதென்றால் எப்படி என்று சொல்கிறேன்.

கேட்க வேண்டியது மூன்று தடவை. எடுக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா, எத்தனை நாள். மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வர வேண்டும். "அனுப்பேன், அனுப்பேன்" என்று ராத்திரி பதினொரு மணி வரை நச்சரித்து, கடைசியில் "என் மேல நம்பிக்கை இல்லையா" என்று ஒரு போடு போட்டு வாங்கிய படத்துக்குப் பெயர் சம்மதம் இல்லை. அவள் சலித்துப் போய் அனுப்பியது. பேசாமல் இருந்தாள் என்பதும் சம்மதம் இல்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 63ஆம் பிரிவில், சம்மதம் என்றால் ஐயத்துக்கு இடமில்லாமல் தானாக முன்வந்து சொல்லாலோ சைகையாலோ தெரிவிப்பது என்று தெளிவாகவே இருக்கிறது. எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதித்தாள் என்று சொல்ல முடியாது என்றும் அதிலேயே இருக்கிறது.

எடுக்கச் சம்மதித்தாள், ஆனால் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால்? அதே சட்டத்தின் 77ஆம் பிரிவில் இதற்கென்றே ஒரு விளக்கம் உண்டு: பரப்புவது குற்றம்தான். முதல் தடவை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை. "அவளே போஸ் கொடுத்தா சார்" என்று ஸ்டேஷனில் சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பதினெட்டு வயது ஆகாத பெண் சரி என்று சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் அது செல்லாது. தாலி கட்டியிருந்தாலும் செல்லாது, 2017 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பத்தாவது முடித்ததும் கட்டிவைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை என்பதால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. மனைவிக்கு முப்பது வயது என்றாலும் விருப்பமில்லாதபோது கட்டாயப்படுத்துவது குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமை. அந்தப் படத்தில் பார்த்ததை இங்கே செய் என்று கேட்பதற்கு முன்னால் அது அவளுக்கு வேண்டுமா என்று கேளுங்கள்.

சரி, பிரிந்துவிட்டீர்கள். அழித்துவிட்டேன் என்று சத்தியம் செய்கிறீர்கள். எங்கே அழித்தீர்கள்? கேலரியில் அழித்தால் அது பின் (Bin) என்ற குப்பைத் தொட்டிக்குப் போய் பெரும்பாலான போன்களில் 30 நாள் உட்கார்ந்திருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆகியிருந்தால் அங்கே குப்பையில் 60 நாள். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பியது தனியாக சென்ட் என்ற போல்டரில் கிடக்கும், கேலரியில் கண்ணுக்கே தெரியாது, ஃபைல் மேனேஜர் வழியாகத்தான் போக வேண்டும். வாட்ஸ்அப் பேக்கப்பில் மீடியாவும் சேர்ந்து கூகுள் கணக்கில் போயிருக்கலாம். டெலிகிராமில் சேவ்டு மெசேஜஸ். மெமரி கார்டு. அப்புறம் பீரோவில் கண்ணாடி உடைந்து கிடக்கும் பழைய போன், அதை எல்லாரும் மறந்துவிடுவார்கள், தம்பிக்குக் கேம் விளையாடக் கொடுப்பார்கள், அதில் எல்லாம் அப்படியே இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து, முடிந்தால் அவள் பார்க்க, வீடியோ காலிலாவது காட்டி அழியுங்கள். அவள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். கேட்க வைப்பதே ஒரு மிரட்டல் மாதிரிதான். ஒரு தடவை மட்டும் பார்க்கும்படி அனுப்பும் வசதியை நம்பி ஏமாறவும் வேண்டாம், பக்கத்தில் இன்னொரு போனைப் பிடித்து எடுத்துவிடலாம்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். புதிய சாம்சங் போன்களில் மெயின்டனன்ஸ் மோடு என்று ஒன்று உண்டு, பிக்சலில் ரிப்பேர் மோடு. போட்டுக் கொடுத்தால் உங்கள் படமோ மெசேஜோ எங்கள் கண்ணில் படாது, நாங்கள் டிஸ்ப்ளேவை மட்டும் சோதிப்போம். பேட்டரி, சார்ஜிங் பின் மாற்றப் பாஸ்வேர்டு தேவையே இல்லை, கேட்டால் "நான் இருக்கேன், முன்னாடியே செக் பண்ணுங்கண்ணா" என்று சொல்லுங்கள். நல்ல கடைக்காரன் கோபப்பட மாட்டான். பழைய போனை விற்பதற்கு முன் கூகுள் கணக்கை எடுத்துவிட்டு முழுதாக ரீசெட் போடுங்கள்.

கடைக்கு வந்து, "அண்ணா, இது வீட்டுக்காரி போனு, லாக் மட்டும் எடுத்துக் கொடுங்க, உள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும்" என்று கேட்பவர்கள் வருகிறார்கள். பையில் பூப்போட்ட கவர் போட்ட போன், அதில் ஒரு குழந்தை படம் வால்பேப்பர். அந்தம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவங்களே விரல் வைக்கட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். வேறு கடைக்குப் போவார் என்று தெரியும். போகட்டும்.

மிரட்டல் வந்தால்

பெண்களுக்கு என்று சொன்ன இடம் இதுதான், ஆண்களுக்கும் வேண்டும்.

படத்தை வைத்துக்கொண்டு காசு கேட்டாலோ, கூப்பிட்ட இடத்துக்கு வா என்றாலோ, முதல் விஷயம், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் முடிந்துவிடும் என்று தோன்றும், கொடுத்தவருக்குத்தான் மறுபடி அழைப்பு வரும். பொள்ளாச்சியில் 2019இல் வெளியே வந்தது இதுதான், வீடியோவை வைத்தே பெண்களைத் திரும்பத் திரும்ப வரவழைத்தார்கள். 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பெண்கள் வாய் திறந்ததால்தான் அந்த வழக்கு நின்றது.

சாட் மெசேஜ்களை அழிக்காதீர்கள், அசிங்கமாக இருக்கிறது என்று அழித்துவிட்டுத்தான் பலர் வருகிறார்கள். நம்பர், புரொஃபைல், மெசேஜ், தேதி, எந்த லிங்க்கில் போட்டிருக்கிறான் எல்லாவற்றுக்கும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அதற்கு அப்புறம் பிளாக். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு பணத்தை வழியில் நிறுத்த முடியும். மாவட்டத் தலைநகரில் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, ஆனால் அதற்குத்தான் போக வேண்டும் என்றில்லை, எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கிக்கொள்ள வேண்டும். "இது எங்க லிமிட் இல்லம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. 77ஆம் பிரிவு மாதிரியான புகார் என்றால் பெண் காவலர்தான் எழுதிக்கொள்ள வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். இது வாச்சாத்தி நடந்த மாவட்டம். 1992இல் சீருடை போட்டவர்களே 18 பெண்களைச் சீரழித்து, தர்மபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 2011 ஆனது. அதனால் ஸ்டேஷன் வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றால் நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். தனியாகப் போக வேண்டாம், பெண்கள் உதவி எண் 181க்கு அழைத்தால் துணைக்கு ஆள் கிடைக்கும். வக்கீல் வேண்டுமென்றால் 15100, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம்.

படம் நெட்டில் பரவாமல் தடுக்க ஸ்டாப் என்சிஐஐ என்று ஒரு இலவசத் தளம் உண்டு. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு எண் அடையாளம் உருவாகும், அந்த எண் மட்டும் போகும், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை அதே படம் ஏறினால் அடையாளம் கண்டு தடுக்கும். பதினெட்டுக்குக் கீழே என்றால் டேக் இட் டவுன் என்ற இன்னொரு தளம். வாட்ஸ்அப்பில் தனி ஆளுக்கு ஆள் போவதை இவை தடுக்காது. ஏற்கெனவே பரவிவிட்டதென்றாலும் முடிந்தது என்று உட்கார வேண்டாம். 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்க வீடியோ பரவிய வழக்கில், 48 மணி நேரத்தில் எல்லா இடத்திலும் அகற்ற நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆண்களை மாட்டவைக்கும் கதை இன்னும் எளிது. பேஸ்புக்கில் அழகான பெண் பெயரில் நட்பு அழைப்பு, ராத்திரி வீடியோ கால், எடுத்தால் அந்தப் பக்கம் ஏற்கெனவே பதிவு செய்த ஒரு வீடியோ ஓடும், இந்தப் பக்கம் உங்கள் முகம் பதிவாகும். அஞ்சாயிரம் அனுப்பு, இல்லையென்றால் உன் சொந்தக்காரங்களுக்கெல்லாம் போகும் என்பான். மறுநாள் "டெல்லி சைபர் கிரைம் ஆபீசர்" என்று வேறொருவன் கூப்பிடுவான், அதற்கடுத்து அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டாள் என்பான். எல்லாம் ஒரே கும்பல். அனுப்பாதீர்கள், பேஸ்புக் நண்பர் பட்டியலை மறைத்துவிடுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் அவன் கையில் மிரட்ட ஒன்றும் மிச்சமில்லை.

வீட்டில் பெற்றவர்களுக்கு: மகளுடைய படம் வெளியே போயிருந்தால் அவளை அடித்து, போனைப் பிடுங்கி, அடுத்த முகூர்த்தத்தில் யாருக்காவது கட்டிக் கொடுத்துவிடாதீர்கள். பிடுங்கிய போனில்தான் சாட்சியம் இருக்கிறது.

காசு கொடுத்துப் போகிறவர்களுக்கு

பெங்களூரு ரோடு நம் ஊர் வழியாகப் போகிறது, லாரி நிற்கிறது, ஓசூரில் வெளியூர் ஆட்கள் குவிந்திருக்கிறார்கள். இதெல்லாம் இல்லை என்று நடிப்பதில் அர்த்தமில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதிலேயே குழப்பம் அதிகம். வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தோடு பாலியல் தொழிலில் இருப்பது குற்றமில்லை. இதற்கென்று விடுதி நடத்துவது, ஆள் பிடித்துக் கொடுப்பது, அவள் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து தின்பது, பொது இடத்தில் அழைப்பது போன்றவைதான் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் குற்றம். 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம், அவர்களும் மற்றவர்களைப் போல மரியாதையோடு நடத்தப்பட வேண்டியவர்கள், புகார் கொடுக்க வந்தால் மற்றப் பெண்களின் புகாரைப் போலவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டது. இதையெல்லாம் ஒழித்துக்கட்ட வேண்டும் என்று வாங்குபவனைத் தண்டிக்கும் வழியை ஸ்வீடன் 1999இல் எடுத்தது, குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு மற்றத் தொழில் போலப் பாதுகாப்புக் கொடுக்கும் வழியை நியூசிலாந்து 2003இல் எடுத்தது. எனக்கு இரண்டாவது வழிதான் அந்தப் பெண்களுக்கு நல்லது என்று படுகிறது, போலீஸுக்குப் பயந்து அவசரப்படும் பெண்ணால் ஆளைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதைச் சொல்லிப் போகிறவனுக்கு லைசென்ஸ் கொடுப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நெட்டில் "தர்மபுரி சர்வீஸ்", "ஓசூர் சர்வீஸ்" என்று வருவதில் பெரும்பாலும் பெண்ணே இருக்க மாட்டாள். ரூமுக்கு அட்வான்ஸ், அப்புறம் செக்யூரிட்டி, அப்புறம் ரீஃபண்டுக்கு ஒரு கட்டணம், கடைசியில் உங்கள் நம்பரை வைத்தே மிரட்டல்.

நிஜமாக ஒரு பெண்ணைச் சந்தித்தால் கண்ணைத் திறந்து பாருங்கள். பணத்தை அவள் வாங்குகிறாளா, கதவுக்கு வெளியே நிற்பவன் வாங்குகிறானா? அவள் போன் அவள் கையில் இருக்கிறதா? கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்கிறாளா, வேறொருவன் சொல்கிறானா? நம் பாஷை எதுவுமே தெரியாமல், எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாமல் இருக்கிறாளா? வயதில் சந்தேகம் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள், கொடுத்த பணம் போனால் போகட்டும், வெளியே வந்து 112க்கு, சின்னப் பிள்ளை என்றால் 1098க்கு அழையுங்கள். கடத்தி வரப்பட்டவள் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தோ போனால் பாரதிய நியாய சன்ஹிதா 144ஆம் பிரிவில் குறைந்தது மூன்று ஆண்டு. "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாதபடிதான் அந்த வரி எழுதப்பட்டிருக்கிறது.

பேசியது எதற்கோ அதற்கு மட்டும்தான் அந்தக் காசு. நடுவில் அவள் போதும் என்றால் போதும்தான். காசு கொடுத்தேனே என்று மேலே போனால் அது பலாத்காரம், தொழில் என்ன என்பது சட்டத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், கொடுக்கவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு வர வேண்டும். ஆணுறை வேண்டும் என்று அவள் சொன்னால் பேரம் பேசக் கூடாது, சரி என்று சொல்லிவிட்டு நடுவில் கழற்றவும் கூடாது. ரேட்டைக் குறைத்துப் பேசி ஆணுறை இல்லாமல் ஒத்துக்கொள்ள வைப்பவர்கள் இருக்கிறார்கள், அவள் வீட்டு அரிசிப் பஞ்சத்தைத்தான் விலை பேசுகிறார்கள். போனை எடுக்கவே கூடாது, பாக்கெட்டிலேயே இருக்கட்டும், சுவிட்ச் ஆஃப் செய்து மேஜையில் வைத்தால் இன்னும் நல்லது, அவளுக்கும் நிம்மதி. வெளியே வந்து டீக்கடையில் அவள் அங்க அடையாளத்தை விவரிப்பதும் வேண்டாம்.

ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது போடாமல் போய்விட்டீர்கள் என்றால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது, ஓசூரில் ஜிஹெச். நம்பிக்கை மையம் எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள், எச்ஐவி பரிசோதனை இலவசம், முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள், 2017ஆம் ஆண்டு எச்ஐவி சட்டப்படி சொல்லவும் கூடாது. தொற்று ஏறாமல் தடுக்கும் மாத்திரை பற்றி டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நேரில் கேட்க வெட்கமாக இருந்தால் முதலில் எச்ஐவி உதவி எண் 1097க்குப் போன் போட்டுப் பேசிவிட்டுப் போகலாம். வீட்டில் மனைவி இருந்தால், இனி பயமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை அவளிடம் ஆணுறை இல்லாமல் போகாதீர்கள், ஏன் என்று கேட்டால் சொல்லியும் விடுங்கள். அவளும் தெரிந்துதானே சரி சொல்ல வேண்டும்.